அடிக்கடி நோயுறும் பிள்ளையும் நம் கடமையும்

(உத்திரமேரூரில் நம் அறக்கட்டளை நடத்திய மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





சில பிள்ளைகளுக்கு மாதம் தவறாமல் காய்ச்சல் வரும். காதில் சீழ், நெஞ்சுச் சளி, நிமோனியா என்று ஒன்று போனால் இன்னொன்று. "கண்ணேறு பட்டிருக்கும்" என்பார்கள். "தாய் சரியாகக் கவனிப்பதில்லை" என்றும் சொல்வார்கள். நோயைவிட அந்தச் சொல்தான் தாயை அதிகம் வருத்தும்.

இவர்களில் சிலருக்குப் பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். அமெரிக்க மருத்துவர் ஆக்டன் புரூட்டன் இதில் ஒரு வகையை 1952-இல் எழுதி வைத்தார். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் இரத்தத்தில், கிருமிகளை எதிர்க்கும் காமா குளோபுலின் என்ற புரதம் இல்லை. அதை ஊசியாகக் கொடுத்ததும் நோய்த்தொற்று குறைந்தது. இன்றும் இந்த வகைக்கு அதுதான் சிகிச்சை. 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோகுளோபுலின் ஏற்ற வேண்டும்; அதுவும் ஆயுள் முழுவதும். ஆயிரத்துக்கும் அதிகமானோர் கொடுத்த பிளாஸ்மாவைச் சேர்த்து அந்த மருந்தைத் தயாரிக்கிறார்கள். கடுமையான சில வகைகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தேவைப்படும்.

ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா, நான்கு முறையோ அதற்கு மேலோ காதில் தொற்று, திரும்பத் திரும்ப ஆழமான கட்டிகள், எடை கூடாமை, குடும்பத்தில் முன்பு கைக்குழந்தைகள் இறந்திருப்பது: இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சொந்தத்தில் திருமணம் செய்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அது குற்றமில்லை; ஆனால் சில வகைகள் அப்படிப்பட்ட குடும்பங்களில் அதிகம் வருகின்றன. இந்தக் குறை உள்ள பிள்ளைக்குச் சில தடுப்பு மருந்துகள் ஆகாது. மருத்துவரைக் கேட்டே போடுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு நீங்களாகத் தடுப்பூசியை நிறுத்தாதீர்கள்.

எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, 2021-ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையின் கீழ் சிறப்பு மையமாக இருக்கிறது. தகுதியுள்ள நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற அக்கொள்கையில் வழி உண்டு.

ஆனால் இங்கிருந்து எழும்பூர் போய்வர ஒரு நாள் ஆகும். தகப்பனாருக்கு அன்றைய கூலி போகும். பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் வருகை குறையும். மருந்து உயிரைக் காக்கும். வாழ்க்கையை லேசாக்குவது அக்கம்பக்கத்தாரின் கையில் இருக்கிறது.

நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத். ஆனால் உங்களுக்குச் சளி, இருமல் இருந்தால் அந்த வீட்டு வாசலை மிதிக்காதீர்கள். போனில் விசாரியுங்கள், துஆ செய்யுங்கள். பெருநாளன்று அந்தப் பிள்ளை கைகொடுக்கத் தயங்கினால் தப்பாக எடுக்காதீர்கள். விடுபட்ட பாடத்தை எழுதிக் கொடுக்க நம் பிள்ளைகளை அனுப்புங்கள். தகுதியுள்ள குடும்பமானால், ஜகாத்திலிருந்து மாதாமாதம் பயணச் செலவைக் கொடுங்கள். அவர்கள் வந்து கேட்கும்படி வைக்காதீர்கள். இரத்த தான முகாம் நடந்தால் முன்வாருங்கள்.

வல்ல அல்லாஹ் நோயுற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் ஷிஃபாவையும், பெற்றோருக்குப் பொறுமையையும் தருவானாக! ஆமீன்.