எழுத்து உடைந்த கோப்பை அழித்துவிடாதீர்கள்

(லால்குடியில் நம் அறக்கட்டளையின் கணினிப் பயிற்சி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இணையப் பக்கம் வடிவமைக்கக் கற்றுவரும் உங்களிடம் இன்று ஒரே ஒரு பிரச்சினையைப் பற்றிப் பேசுகிறேன். பள்ளிவாசலோ மதரஸாவோ நலச் சங்கமோ, எங்கு போனாலும் பத்து இருபது ஆண்டுகளுக்கு முன் டைப் செய்த கோப்புகள் பழைய சிடியிலும் பென் டிரைவிலும் கிடக்கும். கல்வி உதவி பெற்றோர் பட்டியல், ஆண்டறிக்கை, சிறப்பு மலர், பழைய இணையதளப் பக்கங்கள் என்று பலவும் அதில் இருக்கும். புதிய தளம் செய்யும்போது இவற்றை உங்கள் கையில்தான் தருவார்கள். ட்ரீம்வீவரிலோ விஷுவல் ஸ்டுடியோ கோடிலோ திறந்தால் தமிழுக்குப் பதில் புரியாத எழுத்துகள் வரும். "கோப்பு கெட்டுப் போச்சு" என்று அழித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கோப்பு கெடவில்லை. அதைப் படிக்கும் சாவிதான் மாறியிருக்கிறது.

நம் முன்னோரின் அரபுத் தமிழ்க் கிதாபுகளை நினைத்துப் பாருங்கள். எழுத்து அரபி, மொழி தமிழ். அரபியில் இல்லாத ட, ப, ங, ஞ போன்ற ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டி எழுத்து உண்டாக்கினார்கள். அரபி மட்டும் தெரிந்தவர் அதை வாசித்தால் பொருள் வராது. அதனால் அந்த நூல் பிழையாகிவிடுமா? எந்த எழுத்து எந்த ஒலிக்கு என்று தெரிந்தவர் கையில் அது நல்ல தமிழ். கணினிக் கோப்பும் இப்படித்தான். உள்ளே இருப்பவை வெறும் எண்கள். எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணைக்குக் குறியாக்கம் என்று பெயர்.

தமிழுக்கு ஒரே அட்டவணை இருந்திருந்தால் தொல்லை இல்லை. 1990-களில் எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கொரு அட்டவணை வைத்துக்கொண்டார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணையம் 99 மாநாடு டாம், டாப் என்ற இரண்டு முறைகளைப் பரிந்துரைத்தது. டிஸ்கி என்ற முறையும் புழக்கத்தில் இருந்தது. டிடிபி கடைகளில் பாமினி ஓடியது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் பழக்கத்துக்கு வர வெகுகாலம் ஆனது. 2010-ல்தான் தமிழக அரசு யூனிகோடை, டேஸ்-16 என்ற முறையோடு சேர்த்து, அரசுத் தரமாக ஏற்றது. ஆகவே பழைய கோப்பு எந்த அட்டவணையிலும் இருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஐந்து அடையாளங்கள் சொல்கிறேன்.

ஒன்று, சாதாரண ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் கலந்து வந்தால் அது பாமினி வகை. அதில் "தமிழ்" என்ற சொல், ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி என்று தெரியும். பழைய இணையப் பக்கமாக இருந்தால் மூலத்தில் 'ஃபான்ட்' என்ற குறிச்சொல்லில் எழுத்துருவின் பெயரே எழுதியிருக்கும். அந்த எழுத்துருவை நிறுவிப் பாருங்கள், தமிழ் தெரியும். பிறகு யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

இரண்டு, தலையில் கோடு போட்ட 'ஏ' எழுத்தும், வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் திரும்பத் திரும்ப வந்தால், கோப்பு யூனிகோடில்தான் இருக்கிறது. மென்பொருள்தான் தவறான அட்டவணையில் திறந்துவிட்டது. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட் எடுக்கும். அவற்றைத் தனித்தனி எழுத்தாகக் காட்டுவதால்தான் இந்தக் கோலம். விஷுவல் ஸ்டுடியோ கோடின் அடிப்பட்டையில் குறியாக்கத்தின் பெயர் இருக்கும். அதை அழுத்தி, 'ரீஓபன் வித் என்கோடிங்' சென்று, யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். பக்கத்தின் தலைப்பகுதியில், முதல் 1024 பைட்டுக்குள், 'மெட்டா சார்செட்' யூடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள். உலாவியிலும் சரியாகிவிடும்.

மூன்று, அதே போலக் கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வருகின்றன, ஆனால் அந்த இரண்டு குறிகள் திரும்பத் திரும்ப வரவில்லை என்றால் டிஸ்கி, டாப், டாம் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

நான்கு, கட்டம் கட்டமாக வந்தால் அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். கோப்பில் குறையில்லை.

ஐந்து, வரிசையாகக் கேள்விக்குறி வந்தால் கவலைப்பட வேண்டியதுதான். தமிழுக்கு இடமில்லாத 'ஆன்சி' முறையில் யாரோ சேமித்திருக்கிறார்கள். 2019 வரை நோட்பேட் தானாக எடுத்துக்கொண்டது அந்த முறையைத்தான். எச்சரிக்கை வரும், படிக்காமல் ஓகே அழுத்தினால் ஒவ்வொரு எழுத்தும் நிஜமாகவே கேள்விக்குறி ஆகிவிடும். எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. பழைய மின்னஞ்சலிலோ அச்சுப் பிரதியிலோ வேறு நகல் தேட வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன்: கோப்பைத் தொடும் முன் நகல் எடுங்கள். தமிழ் சரியாகத் தெரியும்வரை 'சேவ்' அழுத்தாதீர்கள். மற்ற நான்கு நிலையிலிருந்தும் திரும்பி வரலாம். தவறான ஒரு சேமிப்பு ஐந்தாவது நிலைக்குத் தள்ளிவிடும்.

மாற்றும்போது மூன்று கவனம். பாமினி பக்கத்தை முழுதாக மாற்றியில் போட்டால் ஆங்கிலத்தில் உள்ள எச்டிஎம்எல் குறிச்சொற்களும், மின்னஞ்சல் முகவரியும், வங்கியின் ஐஎஃப்எஸ்சி எண்ணும் சேர்ந்து தமிழ்க் கிறுக்கலாகிவிடும். தமிழ்ப் பகுதியை மட்டும் எடுத்து மாற்றுங்கள்.

அடுத்து, பெயர்கள். ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றின் இடம் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறக்கூடும். பழைய முறையில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும்; யூனிகோடில் பின்னால் வரும். மாற்றும்போது கொம்பு பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொள்வதுண்டு. ஹாஜா, ஷாஜஹான், ஸகீனா என்று நம் பெயர்களில் இந்த எழுத்துகள்தாம் அதிகம். பட்டியலில் ஒரு எழுத்து மாறினால் அடையாள அட்டையோடு பெயர் ஒத்துப்போகாது. ஒரு பிள்ளையின் கல்வி உதவி நின்றுபோகலாம். ஒருவர் அச்சுப் பிரதியை வாசிக்க, மற்றவர் திரையைப் பார்த்துச் சரிபாருங்கள். அவசரம் வேண்டாம்.

மூன்றாவது, உதவி பெற்றோரின் விவரம் நம்மிடம் உள்ள அமானிதம். ஆதார் எண், கைப்பேசி எண், வங்கிக் கணக்கு உள்ள பட்டியலை முகம் தெரியாத இணையதள மாற்றியில் ஒட்டாதீர்கள். என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போல, நம் கணினியிலேயே இயங்கும் இலவச மென்பொருள் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

மாற்றி முடித்த பிறகும் பழைய கோப்பை வைத்திருங்கள். புதியதன் பக்கத்தில், எந்த எழுத்துருவிலிருந்து, எந்தத் தேதியில் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். நாளை இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைக்கு அந்த ஒரு வரி பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தும்.

உங்கள் மஹல்லாவில் பழைய சிடி இருந்தால் அடுத்த வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து திறந்து பார்ப்போம். வஸ்ஸலாம்.