குருதித் துளி கூறுவதும் கூறாததும்



ஓலையில் இல்லாத சொல்லை ஏற்றி உரை காண்பது குற்றம் என்பது இவ்வவை நன்கறிந்ததே. தடய அறிவியலிலும் அத்தகையதொரு படிப்பு உண்டு. ஆங்கே சுவரே ஓலை. குருதிக் கறையே எழுத்து. பிழைபடப் படித்தால் ஒரு மனிதனின் வாழ்வு சிறையில் கழியும்.

உடலினின்று பிரிந்த குருதித் துளி, பரப்பு இழுவிசையால் உருண்டு திரண்டே காற்றில் செல்லும். ஓவியர் வரையும் கண்ணீர்த் துளி வடிவம் அதற்கு இல்லை. செங்குத்தாக வீழின் கறை வட்டமாகும். சாய்வாக வீழின் நீள்வட்டமாகும். அகலத்தை நீளத்தால் வகுத்துப் பெறும் எண், வீழ்ந்த கோணத்தின் சைன் மதிப்பாகும். அகலம் நீளத்திற் பாதியாயின் கோணம் 30 பாகை. கறையின் வால் நீண்ட திசையே துளி சென்ற திசை. இவ்வளவும் கணக்கு, இதில் ஐயத்திற்கு இடம் குறைவு.

தாக்குதலின் தன்மைக்கேற்பத் துளியின் அளவு மாறுபடும். காயத்தினின்று தானே சொட்டும் குருதி பெருங்கறையாகப் படியும். தடியாலோ சுத்தியலாலோ அடிக்கும்போது பெரும்பாலும் 1 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள கறைகள் தோன்றும். துப்பாக்கிக் குண்டு பாய்கையில் 1 மில்லிமீட்டருக்கும் குறைந்த நுண்துளிகள் பனிப்படலம் போல் படரும். முதலடியில் பொதுவாகச் சிதறல் இராது. குருதி கசிந்த இடத்தில் மறுபடியும் அடி விழும்போதே அது சிதறும். ஓங்கிய ஆயுதத்தினின்று தெறித்த துளிகளோ சுவரிலும் உட்கூரையிலும் வரிசையாகப் பதியும்.

ஆயினும் அளவை மட்டும் கொண்டு காரணத்தைத் துணிதல் இயலாது. வாயிலும் மூக்கிலும் குருதி நிறைந்த ஒருவர் இருமினாலே துப்பாக்கிச் சிதறலை ஒத்த நுண்புள்ளிகள் தோன்றும். குருதியை உண்ட ஈக்கள் பிறிதோரிடத்தில் அமர்ந்து இடும் புள்ளிகளும் ஆய்வாளரை மயக்கியதுண்டு.

இத்துறையின் முதல் முறையான ஆய்வை 1895இல் எடுவர்ட் பியோத்ரோவ்ஸ்கி வெளியிட்டார். உயிருள்ள முயல்களை அடித்து அவர் செய்த சோதனைகளை இன்று படிப்பவர் மனம் கூசாதிராது. ஆனால் நீதிமன்றத்தில் இத்துறை பெருங்கவனம் பெற்றது அமெரிக்காவில், சாம் ஷெப்பர்டு வழக்கில்தான். 1954 ஜூலை 4 அன்று, ஒகையோ மாநிலத்தில், மருத்துவரான அவருடைய மனைவி மர்லின் படுக்கையறையில் அடித்துக் கொல்லப்பட்டார். கணவரே குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பால் கிர்க் 1955இல் அவ்வறையை ஆராய்ந்தார். சுவரில் கறை படியாது விடுபட்ட பகுதியைக் கொண்டு கொலையாளி நின்ற இடத்தைக் கணித்தார். தாக்கியவர் இடக்கைப் பழக்கமுடையவர் என்றும் உரைத்தார். ஷெப்பர்டு வலக்கைப் பழக்கமுடையவர். செய்தித்தாள்களின் ஆரவாரத்தால் விசாரணை நேர்மையிழந்தது என்று கூறி உச்சநீதிமன்றம் 1966இல் தீர்ப்பை நீக்கியது. அவ்வாண்டு நடந்த மறுவிசாரணையில் கிர்க் சாட்சியம் அளித்தார், ஷெப்பர்டு விடுதலையானார். கறை விடுபட்ட பகுதி, நின்ற இடத்தைக் காட்டும் என்பது ஏற்கத்தக்கது. எந்தக் கை என்பதோ உரையாசிரியர் துணிவு.

அத்துணிவு ஒருவரைக் காத்ததைப் போலவே இன்னொருவரை வீழ்த்தவும் செய்தது. 2000ஆம் ஆண்டு இந்தியானா மாநிலத்தில் முன்னாள் காவலர் ஒருவரின் மனைவியும் இரு மக்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவருடைய சட்டையில் எட்டு நுண்புள்ளிகள் காணப்பட்டன. அவை துப்பாக்கிச் சிதறல் என்றனர் அரசுத் தரப்பு வல்லுநர். மகனைத் தூக்கக் குனிந்தபோது மகளின் கூந்தலிலிருந்த குருதி ஒட்டியது என்றனர் எதிர்த்தரப்பு வல்லுநர். புள்ளிகள் அவையே, உரைகள் இரண்டு. இருமுறை அவர் குற்றவாளி என முடிவாயிற்று. இருமுறையும் மேல்முறையீட்டில் தீர்ப்பு நீங்கிற்று. அக்கொலைகளுக்காக வேறொருவர் 2006இல் தண்டிக்கப்பட்டார். குருதிக் கறை ஆய்வாளரின் கருத்துகள் பெரிதும் அகநிலை சார்ந்தவை என்று 2009இல் அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழுமத்தின் அறிக்கை எச்சரித்தது. அதற்குப் பின்னரும் மூன்றாம் விசாரணை நடந்தது. அங்கும் அந்த எட்டுப் புள்ளிகளே வாதத்திற்கு வந்தன. 2013 அக்டோபரில் நடுவர் குழு அவரை விடுவித்தது.