ஸ்மித்தைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்!



எனக்கு முன்னால் பேசிய நண்பருக்கு நல்ல குரல்வளம். நீங்களும் இரண்டு இடத்தில் கை தட்டினீர்கள். எந்த இடத்தில் தட்டினீர்கள் என்று குறித்து வைத்திருக்கிறேன். "வெள்ளைக்காரன் ஸ்மித் என்று கொல்லன் பெயரை வைத்திருக்கிறான், டெய்லர் என்று தையற்காரன் பெயரை வைத்திருக்கிறான், பேக்கர் என்று ரொட்டி சுடுகிறவன் பெயரை வைத்திருக்கிறான். அவன் வைத்தால் நாகரிகம், நாம் வைத்தால் சாதியா?" என்று கேட்டாரே, அங்கேதான் கூரை அதிர்ந்தது. அந்தக் கைதட்டலைத் திருப்பி வாங்கத்தான் எழுந்திருக்கிறேன்.

நண்பர் ஸ்மித்தைச் சாட்சியாக அழைத்தார். சரி, அவனையே கூண்டில் ஏற்றி விசாரிப்போம்.

பழைய ஆங்கிலத்தில் ஸ்மித் என்றால் உலோகத்தை அடித்து உருவாக்குகிறவன். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஊரெல்லாம் வில்லியம், ஜான், ராபர்ட், ரிச்சர்ட் என்று ஒரு கைப்பிடிப் பெயர்களே மிஞ்சின. ஒரே கிராமத்தில் ஏழு ஜான் இருந்தால் வரிக்கணக்கு எழுதுகிறவன் என்ன செய்வான்? 1377, 1379, 1381 என்று அடுத்தடுத்துத் தலைவரி வேறு போட்டார்கள். ஆற்றங்கரை ஜான், குள்ள ஜான், பட்டறை ஜான் என்று எழுதிக்கொண்டான். நம் தெருவில் டீக்கடை முருகன், கரண்டு ஆபீஸ் முருகன் என்று சொல்கிறோமே, அதே கதைதான். அந்த ஒட்டு மகனுக்கும் பேரனுக்கும் இறங்கியது. பேரன் ஆடு மேய்த்தாலும் ஸ்மித், கப்பலேறினாலும் ஸ்மித்.

இங்கே ஒரு கேள்வி எழும். நாடு முழுக்க உழவர்கள்தானே இருந்தார்கள், உழவன் என்ற பெயரல்லவா பெருகியிருக்க வேண்டும்? அங்கேதான் சூட்சுமம். ஊரே உழும்போது "உழவன் ஜான்" என்றால் எந்த ஜான்? கொல்லன் ஊருக்கு ஒருவன். சொன்னவுடன் ஆள் தெரியும். ஒவ்வோர் ஊரிலும் ஒரே ஒருவன், ஆனால் எல்லா ஊரிலும் ஒருவன். அதனால் நாடு முழுக்க ஸ்மித். (ஆங்கிலத்தில் ஃபார்மர் என்ற குடும்பப் பெயர் உண்டு. அது கலப்பை பிடித்தவன் பெயரில்லை. வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்தவன் பெயர்! உழுதவன் பெயரை அங்கேயும் வசூல்காரன்தான் கொண்டுபோயிருக்கிறான்.)

2010-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் ஸ்மித்கள் 24 லட்சத்து 42 ஆயிரத்துக்கும் மேல். குடும்பப் பெயர்களில் முதலிடம். இங்கிலாந்திலும் அதுவே முதல், ஆஸ்திரேலியாவிலும் அதுவே முதல். கூட்டம் பெருத்துப்போனதும் சிலருக்கு மனம் பொறுக்கவில்லை. எழுத்தை மாற்றி, வாலில் ஓர் எழுத்துச் சேர்த்து "ஸ்மைத்" ஆனார்கள். நம்மவர்கள் எண் கணிதம் பார்த்துப் பெயரில் இரண்டு 'ஏ' போடுவதற்குச் சற்றும் குறையாத வேலை!

இது ஆங்கிலேயனின் தனிச்சொத்தும் அல்ல. ஜெர்மனியில் ஷ்மிட், ஹங்கேரியில் கோவாச், போலந்தில் கோவால்ஸ்கி, ரஷ்யாவில் குஸ்னெத்சோவ், அரபு நாட்டில் ஹத்தாத். அத்தனையும் கொல்லன்தான். நம் தம்பிகள் சுவரில் படம் ஒட்டி வைக்கும் சிவப்புப் பந்தயக் கார் ஃபெராரி இருக்கிறதே, அந்தப் பெயரும் இத்தாலியக் கொல்லன் பெயர்தான். உலைக்களத்தில் பிறந்த பெயர் கோடீசுவரன் வீட்டு வாசலில் நிற்கிறது.

இனி நண்பரின் வாதத்துக்கு வருகிறேன்.

ஆடம் ஸ்மித்தின் அப்பா ஸ்காட்லாந்தில் சுங்க அதிகாரி. மகன் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1776-இல் நாடுகளின் செல்வம் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலை எதில் தொடங்குகிறார் தெரியுமா? குண்டூசி செய்கிற பட்டறையில்! பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டால் ஒரு நாளில் 48 ஆயிரம் ஊசி செய்யலாம் என்று கணக்குப் போடுகிறார். கொல்லன் தெருவில் ஊசி விற்கலாமா என்பார்கள் நம் பாட்டிமார். சம்மட்டியே பிடிக்காத ஒரு கொல்லன் ஊசியைக் காட்டி உலகத்துக்கே பொருளாதாரம் விற்றான். "நீ ஸ்மித் ஆயிற்றே, துருத்தியை ஊதாமல் உனக்கு எதற்குப் பேனா?" என்று எவனும் கேட்கவில்லை. தாட்சர் என்றால் கூரை வேய்கிறவர். அந்தப் பெயர் கொண்டவரைக் கல்யாணம் செய்துகொண்ட மளிகைக் கடைக்காரர் மகள் பிரதமர் ஆனார். பெயர் ஒன்று, பிழைப்பு வேறொன்று.

ஸ்மித்தை நான் கோயிலில் வைத்துக் கும்பிடச் சொல்லவில்லை. அந்தப் பெயரிலும் ரத்தக்கறை உண்டு. அமெரிக்க ஸ்மித்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேர் கறுப்பினத்தவர். அடிமை முறை ஒழிந்த 1865-ஐ ஒட்டி விடுதலையான மக்களில் பலர் பழைய எசமானின் பெயரோடு வெளியே வந்தார்கள். பலர் தாங்களே ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டார்கள். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 19.83 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கி, கறுப்புக் கையுறையோடு முஷ்டியை உயர்த்தி நின்றானே, அவன் பெயர் டாமி ஸ்மித். அவனை ஒதுக்கியது அவன் தோலைப் பார்த்து. ஸ்மித் என்ற பெயரைப் பார்த்து எந்தக் கதவும் அவனுக்கு மூடவில்லை, எந்தக் கதவும் திறக்கவும் இல்லை.

நம் கொல்லனுக்கு வருவோம். கரூர் பசுபதீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு ஓர் அரசன் கண்மாளருக்கு, அதாவது கொல்லர், தச்சர், தட்டார் கூட்டத்துக்கு, ஆணை தருகிறான். என்ன ஆணை? உங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம். வெளியே போகும்போது செருப்புப் போட்டுக்கொள்ளலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம்! அரசன் கொடுத்த சலுகை என்று சிலர் இதைப் பெருமையாகப் படிக்கிறார்கள். ஐயா, கொடுத்ததை விடுங்கள். கொடுப்பதற்கு முந்தைய நாள் வரை? கோயிலுக்குக் கதவு செய்தவன், கோபுரத்துக்கு உளி அடித்துக் கொடுத்தவன், தன் காலுக்குச் செருப்புப் போட அரசாணைக்குக் காத்திருந்தான்.

இங்கிலாந்திலும் 1363-இல் யார் எந்தத் துணி உடுத்தலாம் என்று சட்டம் போட்டார்கள், மறைக்க மாட்டேன். அது அந்தஸ்தையும் சொத்தையும் அளந்த சட்டம். சொத்துச் சேர்த்தவன் துணியை மாற்றிக்கொண்டான். இங்கே எவ்வளவு சேர்த்தாலும் பிறப்பை மாற்றிக்கொள்ள முடிந்ததா?

தொழிற்பெயர் நமக்கும் கேவலமாக இருந்ததில்லை. கூலவாணிகன் சாத்தனார், பொற்கொல்லன் வெண்ணாகனார், மருத்துவன் தாமோதரனார். வெண்ணிக் குயத்தியார் கரிகாலனின் வெற்றியைப் பாடும் பாட்டிலேயே, தோற்றவன்தான் உன்னினும் நல்லவன் என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னவர். குயத்தி அல்ல, குயத்தி"யார்". அந்த 'ஆர்' எங்கே போயிற்று என்று நண்பர் கேட்டிருந்தால் நானும் சேர்ந்து கை தட்டியிருப்பேன். அது போய், பெயருக்குப் பின்னால் வேலி முளைத்ததால்தான் 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிடுங்கள் என்று தீர்மானம் போட வேண்டியிருந்தது. அப்பா பெயரின் முதல் எழுத்தோடு நாம் நின்றுகொண்டது அப்படித்தான். அந்த எழுத்தைப் பார்த்து எவனும் சாதி கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் சிலருக்கு அந்த எழுத்தின் மேல் இத்தனை கோபம்.

நண்பர் மறுமொழி சொல்ல நேரம் கேட்டிருப்பதாகத் தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். மகிழ்ச்சி. அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன். லண்டன் பத்திரிகை எதையாவது எடுத்து, "ஸ்மித் குலத்து மணமகனுக்கு ஸ்மித் குலத்திலேயே பெண் தேவை, பேக்கர், டெய்லர் தவிர்க்கவும்" என்று ஒரு விளம்பரம் காட்டட்டும். நம் ஊர் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை நான் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். இதோ, மேசை மேல் வைக்கிறேன். ஒலிபெருக்கி அவருடையது.