ஒற்றையடிப்பாதையில் மிதிவண்டி



மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன் நான். அயல்மொழிச் சொல் ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு, அதற்கு நிகரான தமிழ்ச் சொல்லைத் தேடி நாள் முழுவதும் அலைவதே என் தொழில். தேடாமலே அகப்படும் சொற்கள் மிகச் சில. அவ்வாறு அகப்பட்ட ஒரு சொல்லிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

கரடுமுரடான மண்பாதைகளில் செல்வதற்கென்றே தடித்த சக்கரங்களுடன் செய்யப்படும் மிதிவண்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'மௌண்டன் பைக்' என்பார்கள். அவற்றில் செல்வோர் மிகவும் விரும்பும் பாதைக்கு 'சிங்கிள் ட்ராக்' என்று பெயர். ஒருவர் பின் ஒருவராகத்தான் அதில் போக முடியும். இருவர் இணைந்து போக இடமிராது. இதற்குத் தமிழ்ச் சொல் எதுவென்று யோசிக்க வேண்டிய அவசியமே எனக்கு நேரவில்லை. ஒற்றையடிப்பாதை என்று நம் பாட்டனார் காலத்திலிருந்தே சொல்லி வருகிறோம். ஆனால் ஆங்கிலச் சொல்லில் இல்லாத ஓர் 'அடி' நம் சொல்லில் இருக்கிறது. காலடி பட்டுப் பட்டு உண்டான பாதை அது. சக்கரம் அங்கே பிற்பாடு வந்த விருந்தாளி. இந்த வேறுபாட்டை அகராதியைப் பார்த்து நான் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல முடியாது. கீழே விழுந்துதான் தெரிந்துகொண்டேன்.

டில்லியில் வாழும் தமிழர்களுக்கு 'ரிட்ஜ்' என்ற பெயர் பழக்கமானது. குஜராத்தில் தொடங்கி வடகிழக்காக நீண்டு வரும் ஆரவல்லி மலைத்தொடர் முடிவெய்தும் இடம் அது. மெஹ்ரௌலிக்கு அருகில் அந்த ரிட்ஜின் ஒரு பகுதி சஞ்சய் வனம் என்ற பெயரில் ஏறக்குறைய 780 ஏக்கர் பரப்பில் பூங்காவாகப் பேணப்பட்டு வருகிறது. தோமர் அரசர்கள் 11-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய லால் கோட் கோட்டையின் மதில் அதனூடே இடிந்து கிடக்கிறது. மயில்கள் உண்டு, நீல்காய்களும் உண்டு. அகன்ற பாதைகள் சிலவற்றிலிருந்து ஒற்றையடிப்பாதைகள் பல பிரிந்து புதர்களுக்குள் புகுந்து செல்கின்றன. விடியற்காலையில் நடப்போரும் ஓடுவோரும் அங்கே வருகின்றனர். மிதிவண்டியில் வருவோரும் உள்ளனர்.

இருபது ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்ததன் பயனாக, இரத்தத்தில் சர்க்கரை கூடிவிட்டது என்று மருத்துவர் எனக்கு எச்சரிக்கை செய்தார். நடக்கச் சொன்னார். நான் மிதிவண்டி வாங்கினேன். "நடப்பதற்குச் செலவில்லையே!" என்றாள் என் மனைவி. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் சிறு வயதில் எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் அப்பாவின் வண்டியைக் குரங்குப் பெடல் போட்டு ஓட்டியவனுக்கு, நாற்பத்து மூன்றாவது வயதில் அந்த ஆசை மீண்டும் வந்துவிட்டது.

சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள். இறக்கத்தில் வேகமாக வந்துகொண்டிருந்தேன். மழை கண்டு பல மாதங்களாகியிருந்த மண். மேலே தளர்ந்து கிடக்கும் கூரிய படிகக் கற்கள். வளைவைக் கடந்ததும் எதிரே ஒரு முதியவர் கைத்தடியுடன் நின்றுகொண்டிருந்தார். இத்தகைய மண்ணில் முன் சக்கரத்தின் பிரேக்கைத் திடீரென்று இறுகப் பிடித்தால் ஆள் தலைகுப்புறப் போய் விழ நேரும். பின் சக்கரத்தை மட்டும் இறுக்கினால், அது உருள்வதை நிறுத்திவிட்டு மண்ணைக் கீறிக்கொண்டு சறுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்வதுதான் முறை. நான் குறைக்கவில்லை. பின் பிரேக்கை இறுக்கினேன், வண்டி சறுக்கிற்று, சீமைக் கருவேலம் புதரில் போய் விழுந்தேன். அவர் மேல் மோதாமல் தப்பியது என் திறமையினால் அன்று.

அவர் ஓடி வந்து கை கொடுத்துத் தூக்கினார். நான் வலியில் "அம்மா!" என்று கூவியதைக் கேட்டவுடன், "தமிழா நீங்கள்? தம்பி, வண்டியில் ஒரு மணி வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்றார். தஞ்சைப் பக்கத்தவர், பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றபின் மகனோடு இருக்க டில்லிக்கு வந்தவர். என் முழங்கையில் இருந்த முட்களை ஒவ்வொன்றாக எடுத்த பிறகு, கைத்தடியால் தரையைச் சுட்டிக் காட்டினார். என் பின் சக்கரம் சறுக்கிய இடத்தில், விரல் அகலத்தில் ஒரு கீறல், பாதையின் நெடுகே நான்கு முழ நீளத்துக்கு ஓடியிருந்தது. "இது நீங்கள் வெட்டிய வாய்க்கால். ஜூலையில் தண்ணீர் இதைத் தேடிக்கொண்டு வரும்" என்றார்.

காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவர் தண்ணீரைப் பற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். மலைப்பாதை அமைப்பவர்களின் நூல்களைப் பிற்பாடு படித்துப் பார்த்தேன். அவர்கள் சொல்வதும் ஏறத்தாழ இதுவே. பாதையை அழிப்பதில் முதலிடம் தண்ணீருக்குத்தான். சரிவின் மேலிருந்து கீழே நேராக இறங்கும் பாதை, மழைக்காலத்தில் ஓடையாகிவிடும். சரிவைக் குறுக்காகச் சுற்றிச் செல்லும் பாதையே நிலைக்கும். பாதையின் சரிவு, அது அமைந்த மலைச்சரிவில் பாதியளவைத் தாண்டலாகாது என்பது அவர்கள் கைக்கொள்ளும் ஒரு விதி. சராசரியாக நூறு அடிக்குப் பத்தடிக்கு மேல் ஏற்றம் கூடாது என்பது மற்றொன்று. பள்ளத்தின் பக்கமாகப் பாதையின் விளிம்பு சற்றே தாழ்ந்திருந்தால், தண்ணீர் பாதையின் நெடுகே ஓடாமல் குறுக்கே கடந்து போய்விடும்.

மிதிவண்டிதான் பாதையைக் கெடுக்கிறது என்று நடப்பவர்கள் கூறும் குற்றச்சாட்டு உலகெங்கும் உண்டு. அமெரிக்காவின் மொன்டானாவில் நடத்தப்பட்டு 1994-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, ஈரமான பாதையில் குதிரைக் குளம்பும் மனிதர் காலும் பெயர்க்கும் மண், சக்கரம் பெயர்க்கும் மண்ணைவிட அதிகம் என்று கண்டது. இதைப் படித்ததும் எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டாயிற்று. மறுநாள் பெரியவரிடம் சொன்னேன். "உருளும் சக்கரத்தைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்கலாம். உங்கள் சக்கரம் உருளவில்லையே!" என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

இந்த வழக்கு அவ்வண்டியோடு கூடவே பிறந்தது எனலாம். கலிபோர்னியாவில் மரின் என்னும் மாவட்டத்தில், 1970-களில் சில இளைஞர்கள் பழைய கனத்த மிதிவண்டிகளைத் தேடிப் பிடித்து, மலையுச்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மண்சாலைகளில் இறங்கி விளையாடினர். 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் ஃபேர்ஃபேக்ஸ் என்ற ஊருக்கு அருகில், ஏறக்குறைய 1,300 அடி இறக்கத்தில் முதற்போட்டி நடந்தது. கீழே வந்து சேர்வதற்குள் பின் சக்கரத்துப் பிரேக்கில் இருந்த கிரீஸ் முழுவதும் புகைந்து போகும். மறுபடியும் அடைத்தாக வேண்டும். ஆகையால் அந்த இறக்கத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்துவிட்டது. பெயர் வைப்பதில் இவ்வளவு சிக்கனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அக்கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ், இதற்கென்றே புதிய சட்டம் ஒன்றை 1977-இல் செய்தார். 1979-இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் விற்பனை தொடங்கினர். 1996-இல் அட்லாண்டா நகரில் இது ஒலிம்பிக் விளையாட்டாகவும் ஆகிவிட்டது.

ஆனால், அது பிறந்த டாமல்பைஸ் மலையிலேயே குறுகிய பாதைகளில் பெரும்பாலானவை மிதிவண்டிக்கு அடைக்கப்பட்டன. அகன்ற பாதைகளில் மணிக்கு 15 மைல், பிறரைக் கடக்கும்போதும் மறைவான வளைவிலும் 5 மைல் என்று வரம்பு ஏற்பட்டது. விளையாட்டைக் கண்டுபிடித்தவர்களுக்கே இந்த நிலைமை. முழுத் தடை எனக்கு உடன்பாடு அன்று. அந்த 5 மைல் முற்றிலும் உடன்பாடு. நானே ஒரு வளைவில் நின்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். வேகமாக நடக்கும் ஒருவருக்கு 4 மைல் ஆகிறது. எனவே நடப்பவரின் வேகத்துக்கு அருகில் வந்துவிடு என்பதுதான் அந்த விதியின் பொருள்.

நம் நாட்டில் இந்தப் பொழுதுபோக்கு மலைநாடுகளோடு நிற்கவில்லை. பெங்களூரில் உள்ள நேயர்கள் துரஹள்ளிக் காட்டின் பாறைகளை அறிவார்கள். டில்லியில் எங்களுக்குத் தொல்லை ஒன்று உண்டு. அது சீமைக் கருவேலம். மெக்சிகோவும் தென்னமெரிக்காவும் அதன் பூர்வீகம். பிரிட்டிஷ் ஆட்சியில் ரிட்ஜைப் பசுமையாக்குவதற்காக நட்டார்கள். அது மற்றச் செடிகளை ஒதுக்கித் தள்ளிவிட்டு நின்றுகொண்டது. இராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. டில்லிக்காரர்கள் 'விலாயதி கீகர்' என்பார்கள். பெயரில் சீமையும் விலாயதியும் ஒன்றே அல்லவா? மொழிபெயர்ப்பும் எளிது, முள்ளும் ஒன்றுதான். வாங்கிய முதல் மாதத்தில் எனக்கு ஆறு பஞ்சர். டயருக்குள் அடைப்பான் திரவம் ஊற்றிய பிறகே நிம்மதி கிடைத்தது.

அதன் பிறகு பெரியவரும் நானும் ஞாயிறுதோறும் சந்திக்கலானோம். மழை பெய்த மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே வருவதை நான் நிறுத்திவிட்டேன். தேங்கிய நீரைச் சுற்றிப் போனால் பாதை ஆண்டுக்கு ஆண்டு அகலும் என்பதால், அதன் நடுவிலேயே மெதுவாகப் போகிறேன். மணியும் வாங்கிவிட்டேன். அவருக்கு இடக்காது சரியாகக் கேட்பதில்லை என்பது அதற்குப் பின்புதான் தெரிந்தது. ஆகவே அவருடைய வெள்ளைத் தொப்பி தென்பட்டால் இறங்கிவிடுவேன்.

செப்டம்பர் மாதக் கடைசியில், மழை ஓய்ந்த பின்பு, அந்த வளைவை இருவரும் சேர்ந்து போய்ப் பார்த்தோம். விரல் அகலம் இருந்த கீறல் கையளவு அகன்று, அடியில் பாறை தெரிந்தது. அதன் வழியே வந்த நீர், கீழே இருந்த ஒரு வேப்பங்கன்றின் வேரையும் அரித்திருந்தது. பெரியவர் குற்றம் எதுவும் சொல்லவில்லை. "பூங்காக் காவலரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். நாமாக எதையும் வெட்டக் கூடாது" என்றார். சொல்லிவிட்டு வந்தேன். அவர் கைத்தடியால் காட்டிய இடங்களில் கல் சுமந்து அடுக்கினேன். பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. அடுத்த ஜூலைக்குள் முடித்தாக வேண்டும்.