குடந்தையில் ஒரு வியாழக்கிழமை



1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணத்திற்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காண உ.வே.சாமிநாதையர் சென்றார். வயது இருபத்தைந்து, கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்து ஓராண்டும் ஆகவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் என்றாலே தமிழவைகளில் மதிப்புத் தானே வரும். முதலியாரிடம் அப்பெயரும் செல்லவில்லை. என்னென்ன கற்றீர் என்று கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என ஐயர் அடுக்கினார். இவற்றைப் படித்து என்ன பயன் என்று வினவிய முதலியார், சீவக சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் பற்றிக் கேட்டார். ஐயர் அவற்றைக் கண்ணாலும் கண்டதில்லை.

நீதிமன்றத்தில் வழக்குக் கேட்பவருக்குத் தமிழ் மரபு என்ன தெரியும் என்று எண்ணி அவர் எழுந்து வந்திருக்கலாம். அவ்வாறு எண்ணுதற்கு இடமும் இருந்தது; சிற்றிலக்கியங்களை ஒரேயடியாகத் தள்ளிய முதலியாரின் வினாவிலும் ஒருபக்கச் சாய்வு உண்டன்றோ? ஐயர் மீண்டும் மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றார். நூல் கிடைத்தால் படித்துவிடலாம் என்ற துணிவு மட்டும் மிஞ்சியிருந்தது. முதலியார் தந்த சிந்தாமணிப் பிரதி அத்துணிவையும் குலைத்தது.

தடை தமிழில் இல்லை, சமணத்தில் இருந்தது. சைவ மடத்துச் சூழலில் தமிழ் கற்றவருக்கு அச்சமயத்தின் வழக்காறுகள் புலப்படவில்லை. அறிந்த சைவத்தைக் கொண்டே பொருள் பொருத்திச் சென்றிருந்தால் உரை முற்றுப்பெற்றிருக்கும், பெரும்பிழையாகவும் முடிந்திருக்கும். கல்லூரியில் பாடம் சொல்லும் அவர், கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று கேட்டுக் கற்றார். சைவர் ஒருவர் சமண நூலைப் பதிப்பிப்பதா என்ற முணுமுணுப்பும் எழுந்தது. அது வெளியிலிருந்து வந்த எதிர்ப்பு. அதே குரல் தமக்குள்ளும் எழாதவாறு பார்த்துக்கொள்வதே அவருக்குப் பெரும்பாடாக இருந்திருக்க வேண்டும்.

1887இல் சிந்தாமணி வெளிவந்தது. பின்னர்ச் சிலம்பும் மேகலையும் அவர் கையால் அச்சேறின. ஆயினும் முதலியாரின் தீர்ப்பை அவர் முழுமையாக ஏற்றதாகவும் தெரியவில்லை. 1930இல் அவர் பதிப்பித்த தமிழ்விடு தூது ஒரு சிற்றிலக்கியம்.

அன்று அவ்வீட்டில் தாம் தலைகுனிந்த செய்தி நமக்குக் கிடைத்தது வேறு எவராலும் அன்று. முதுமையில், 'என் சரித்திரம்' எழுதியபோது, உரிய நாளும் கிழமையும் குறித்து ஐயரே அதனை எழுதிவைத்தார்.