இரத்தினகிரி மாளிகையும் நம் வீட்டுப் பெட்டியும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் வாழும் மகாராஷ்டிரத்திலேயே, இரத்தினகிரியில், ஓர் அரச மாளிகை உண்டு. பர்மாவின் கடைசி மன்னர் தீபா 1885இல் முடியிழந்து நாடு கடத்தப்பட்டார். 1916இல் அவ்வூரிலேயே கண் மூடினார். 1910இல் அவருக்கெனக் கட்டி முடித்த அம்மாளிகை இன்று அரும்பொருட் காட்சிசாலையாக விளங்குகின்றது.

மாளிகை இங்கே, அரியணை எங்கே? அவருடைய சிங்க அரியணையை வெள்ளையர் கல்கத்தாவுக்குக் கொண்டு சென்றனர். 1945இல் மாண்டலே அரண்மனை போரில் எரிந்தது. அயலூரில் இருந்தமையால் அரியணை தப்பியது. 1948இல் பர்மா திரும்பி, இப்போது யாங்கோன் காட்சிசாலையில் உள்ளது. வேலூரில் சிறையிருந்து 1832இல் மறைந்த கண்டி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரின் அரியணையும் 1934இல்தான் இலங்கை திரும்பியது.

மன்னர் பொருளைத் தேடிப் பெற அரசாங்கங்கள் இருந்தன. நம் பொருளைத் தேட யார் உளர்? நம்மை எவரும் நாடு கடத்தவில்லை. பிழைப்பை நாடி வந்தோம். கோவண்டிக்கு முதலில் வந்தோர் கொணர்ந்த தகரப்பெட்டியும் செப்புக்குடமும் ஊர்க் கடிதங்களும் ஒவ்வொன்றாகப் பழைய சாமான் கடைக்குப் போகின்றன. நாமும் அப்பிழை செய்தவரே. தாயார் கொணர்ந்த வெண்கலப் பானையை எடைக்குப் போட்டுவிட்டு இன்று வருந்துகின்றோம்.

ஆகவே, சங்க அறையில் ஓர் அலமாரி ஒதுக்குவோம். பொருள் தருவோர், அது யாருடையது, எவ்வூரிலிருந்து, எந்த ஆண்டில் வந்தது என்று ஒரு சீட்டும் எழுதித் தருக. இரயில்வேயில் நாம் நாளும் காண்பது இது: விலாசச் சீட்டு கிழிந்த பார்சல், எத்துணை விலையுயர்ந்ததாயினும், உரியவரைச் சென்றடைவதில்லை.