நடுக்கல்லூரில் நடந்தது நகருக்குள்ளும் நடக்க வேண்டும்

2024 டிசம்பரில், திருநெல்வேலிக்கு மேற்கே நடுக்கல்லூர், கொடகநல்லூர், பழவூர் ஊர்களின் ஒதுக்குப்புறங்களில் மூட்டை மூட்டையாக மருத்துவக் கழிவு கொட்டிக் கிடந்தது. அதற்குள் நோயாளிகளின் விவரம் எழுதிய சீட்டுகளும் இருந்தன. சீட்டுகளில் இருந்த முகவரி திருவனந்தபுரத்தைக் காட்டியது. ஊர்க்காரர்கள் புகார் கொடுத்தார்கள். காவல்துறை வழக்குப் பதிந்தது. கழிவைக் கொண்டுவர உதவிய உள்ளூர்க்காரர்களும் கைதானார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து விசாரித்து, மூன்று நாளுக்குள் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப் போகும்படி கேரள அரசுக்கு உத்தரவிட்டது. டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை, கேரளத்து அதிகாரிகள் லாரிகளோடு வந்து இறங்கினார்கள். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த குப்பை அந்தப் பக்கத்துக்கே திரும்பிப் போனது.

கொட்டிய இடம் சாதாரண இடம் இல்லை. பழவூர் அணையிலிருந்துதான் பாளையங்கால்வாய் பிரிகிறது. சற்றுக் கீழே சுத்தமல்லி அணையில் நெல்லைக் கால்வாய் தொடங்குகிறது. ஒரு மழை பெய்தால் அந்த ஊசியும் பஞ்சும் எந்த வாய்க்காலில் மிதந்து எந்த வயலில் ஒதுங்கியிருக்கும் என்பதை இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் பிறந்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. ஊர் மக்கள் வாய் திறந்ததால் அது தடுக்கப்பட்டது.

அந்தப் புகார் பலித்ததற்குக் காரணங்கள் உண்டு. கழிவு யாருடையது என்பதற்குக் கையில் ஆதாரம் இருந்தது. உத்தரவு போட அதிகாரமுள்ள ஒருவர் உத்தரவு போட்டார். அந்த உத்தரவுக்கு ஒரு கெடு இருந்தது. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் மூட்டைகள் இன்னும் அங்கேயே கிடந்திருக்கும்.

இப்போது நகருக்குள் வரலாம். 1994 முதல் மாநகராட்சியாக இருக்கும் ஊர் திருநெல்வேலி. நான்கு மண்டலம், ஐம்பத்தைந்து வார்டு. வீட்டுமனைகளாகப் பிரித்த எந்தப் பகுதிக்குப் போனாலும் கட்டாத மனை ஒன்று சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். முதலில் யாரோ ஒருவர் ஒரு பையை வீசுவார். ஒரு மாதத்தில் அது தெருவுக்கே குப்பைமேடாகிவிடும். அடுத்து நாய், கொசு, பாம்பு. பக்கத்து வீட்டில் பிள்ளை வளர்க்கிற தாய் மனு எழுதுகிறாள். என்ன பதில் வருகிறது? அது தனியார் இடம், மாநகராட்சி கை வைக்க முடியாது என்கிறார்கள். உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார், முகவரி தெரியவில்லை என்கிறார்கள்.

இரண்டு பதிலும் நிற்காது. சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939லேயே வந்துவிட்டது. சுகாதாரக் கேட்டைக் கண்டறிய உள்ளாட்சி அமைப்பே தன் எல்லையைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்கிறது அது. பாதிக்கப்பட்ட எவரும் சுகாதார அலுவலரிடம் தகவல் கொடுக்கலாம் என்றும், கேட்டை அகற்ற அந்த அலுவலர் நடவடிக்கை எடுக்கலாம் என்றும் சொல்கிறது. தனியார் நிலமா பொது நிலமா என்பது கொசுவுக்குத் தெரியாது என்பதை எண்பது வருஷத்துக்கு முன்பே சட்டம் எழுதியவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். முகவரி தெரியாது என்பது அதைவிட மோசம். காலிமனைக்கு வரி போடுகிறது மாநகராட்சி. வரி ரசீது அச்சடிக்கத் தெரிந்த பெயர், அறிவிப்பு அனுப்பும்போது மட்டும் தெரியாமல் போவது எப்படி?

பணம் இல்லை, ஆள் இல்லை என்பது அடுத்த பதில். இதற்கு உச்சநீதிமன்றம் 1980லேயே விடை சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகரில் திறந்த சாக்கடையாலும் துர்நாற்றத்தாலும் அவதிப்பட்ட ஒரு பகுதி மக்கள், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133வது பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். சரிசெய் என்று அவர் நகராட்சிக்கு உத்தரவிட்டார். கஜானா காலி என்று சொல்லி நகராட்சி உச்சநீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். மக்களின் சுகாதாரத்தைக் காப்பது நகராட்சியின் கடமை, காசில்லை என்று சொல்லி அதிலிருந்து நழுவ முடியாது என்று முடிந்தது வழக்கு. அந்த 133வது பிரிவு, 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் 152வது பிரிவாக இன்றும் இருக்கிறது. ஒரு தெரு மக்கள் கூடி வருவாய்க் கோட்டாட்சியரிடம் போனால் அதைக் கேட்க வேண்டியது அவர் வேலை.

மக்களுக்கே பொறுப்பில்லையே என்பார்கள் சிலர். கொட்டுகிறவர்களும் மக்கள்தான், உண்மை. 2016ன் திடக்கழிவு விதிகளே ஈரக்குப்பையையும் உலர்குப்பையையும் அபாயகரமான வீட்டுக்கழிவையும் தனித்தனியாகக் கொடுக்கச் சொல்லிவிட்டன. தெருவிலோ வாறுகாலிலோ வீசுவதையும் எரிப்பதையும் தடுத்துவிட்டன. மீறுகிறவருக்கு அபராதம் போடட்டும். ஆனால் கொட்டியவனையும் சொன்னவனையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. புகார் கொடுத்தவர் பெயர் மறுநாளே எதிராளி காதுக்குப் போனால் அடுத்த முறை யார் வாய் திறப்பார்கள்? அதனால்தான் மொட்டைக் கடுதாசி பிறக்கிறது. மொட்டைக் கடுதாசி என்பதற்காகவே அது குப்பைக்கூடைக்கும் போகிறது. பெயரைக் காப்பாற்றத் தெரியாத அலுவலகம், பெயர் எழுதாததைக் குற்றமாகச் சொல்ல உரிமையற்றது. புகாரின் சுமை முழுவதையும் தூய்மைப் பணியாளர் தலையில் இறக்கிவிட்டு, மனையின் உரிமையாளரைத் தொடாமல் விடுவதும் அதே அநியாயம்தான்.

அடைபட்ட வாறுகால் என்ன செய்யும் என்பதை 2023 டிசம்பர் 17, 18ல் வந்த வெள்ளத்துக்குப் பிறகாவது யோசித்திருக்க வேண்டும். அந்த மழை எந்த ஊரையும் மூழ்கடிக்கக்கூடிய மழை. குப்பை மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய். ஆனால் தண்ணீர் போக வேண்டிய வழியில் பிளாஸ்டிக் பையும் கட்டட இடிபாடும் கிடந்தால், சிறிய மழைக்கும் அந்தத் தெரு தத்தளிக்கும். கொக்கிரகுளத்து ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே அன்று வெள்ளம் புகுந்தது.

ஆற்றின் கதை இன்னும் கசப்பானது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியில் நகரின் சாக்கடை கலக்கிறது என்று வருஷக்கணக்காகப் புகார் போனது. கடைசியில் பொதுநல வழக்கு வந்து, 2024 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் இருவர் நேரிலேயே வந்து கரையில் நின்று பார்த்தார்கள். நீதிபதிகள் காண ஒரு நாளில் முடிந்ததை, இதே ஊரில் தினமும் கார் ஏறிப் போகிற அதிகாரிகள் ஏன் அதற்கு முன்பே காணவில்லை?

2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் கூடுகின்றன. கிராம சபையைப் போல அங்கே வாக்காளர் எழுந்து கேட்கலாம். கேட்க வேண்டியது இதுதான்: இந்தப் பகுதியில் வந்த குப்பைப் புகார்கள் எத்தனை, ஒவ்வொரு மனையின் உரிமையாளருக்கும் அறிவிப்பு போன தேதி எது, அள்ளிய தேதி எது, உரிமையாளரிடம் வசூலித்த செலவு எவ்வளவு. சபையில் இந்தக் கணக்கை வாய்விட்டு வாசிக்க வேண்டும். புகார் கொடுத்தவர் வந்து பார்த்து, சரி என்று சொல்லாமல் எந்தப் புகாரையும் முடித்துவைக்கக் கூடாது. பதில் வராவிட்டால் 2005ன் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது; முப்பது நாளில் எழுத்தில் சொல்லியாக வேண்டும். திருவனந்தபுரத்து லாரிக்கு மூன்று நாள் கெடு கொடுக்க முடிந்தது. மேலப்பாளையத்துக் காலிமனைக்கும் தச்சநல்லூர் வாறுகாலுக்கும் ஒரு கெடு எழுதித் தர வேண்டும்.